கவர் இருக்கா அண்ணாச்சி?



இந்த மாதம் "சுற்றுச்சூழல்" பக்கம் எங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறது. மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் ரெண்டையும் 'அ' பிரிவுக்காரங்க ஏற்கெனவே எழுதிட்டாங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், மளிகைக் கடை. எங்க அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சின்னதா ஒரு மளிகைக் கடை இருக்கு. சாயங்காலம் பள்ளி விட்டதும் நானும் அங்கதான் இருப்பேன். அதனால் கடைக்கு எடுத்துட்டுப் போற பையைப் பற்றி எழுதுகிறேன்.

முதல்ல ஒரு கேள்வி. ஒரு மளிகைக் கடையில் ஒரு நாளில் அதிகமாகக் கேட்கப்படும் பொருள் எது? சீனியா, வெங்காயமா, சோப்பா? எதுவுமே இல்லை. "அண்ணாச்சி, ஒரு கவர் குடுங்க." இதுதான். கால் கிலோ தக்காளி வாங்கினாலும் கவர், ஒரே ஒரு தேங்காய் வாங்கினாலும் கவர், ஏற்கெனவே கவர்ல அடைச்சு வந்த சேமியா பாக்கெட்டைப் போட இன்னொரு கவர்.

அப்பாவுக்கு வந்த சோதனை

2018 ஜூன் 5-ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, தமிழக அரசு சட்டப்பேரவையில் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை என்பதுதான் அது. பட்டியலில் மொத்தம் 14 வகை. டீ கப், தட்டு, உறிஞ்சு குழல், தண்ணீர் பாக்கெட் எல்லாம் உண்டு. எந்த அளவாக இருந்தாலும் எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கேரி பேக் கூடாது என்பதும் அதில் உண்டு.

அப்ப நான் 3-ஆம் வகுப்பு. புத்தாண்டு அன்னைக்கு அப்பா கடையில் தொங்கின கவர் கட்டையெல்லாம் அவிழ்த்து உள்ளே வைத்தார். அட்டையில் நான்தான் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக் கொடுத்தேன்: "தயவுசெய்து பை கொண்டு வரவும்." ஒரு எழுத்துப் பிழை வேறு. 'தயவு' என்பதை 'தைவு' என்று எழுதிவிட்டேன். அதை யாருமே கண்டுபிடிக்கல. ஏன்னா அந்த அட்டையை யாருமே படிக்கல!

"கவர் இல்லையா? இதை எப்படிக் கொண்டு போவேன், தலையில வச்சா?" என்று ஒரு அக்கா கேட்டார். இன்னொரு மாமா எடை போட்ட உளுந்தையும் பச்சரிசியையும் அப்படியே விட்டுட்டு, "வேண்டாம் அண்ணாச்சி, அங்க வாங்கிக்கிடுதேன்" என்று நாலு கடை தள்ளிப் போனார். அங்கே மேசைக்கு அடியில் வைத்துக் கவர் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் எங்கள் கடையில் சாயங்கால வியாபாரம் பாதியாகிப் போச்சு. அப்பாவும் என்ன செய்வார்? மறுபடியும் கொஞ்சம் கவர் வாங்கி, மூட்டைக்குப் பின்னால வச்சு, தெரிஞ்சவங்களுக்கு மட்டும் கொடுக்க ஆரம்பித்தார். அடுத்த வாரமே சோதனைக்கு வந்துட்டாங்க. அபராதம் கட்டினதோட அன்னைக்கு வந்த காசு தீர்ந்தது. ராத்திரி அப்பா யாரோடையும் பேசல. சாப்பிடும்போது அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் சொன்னார்: "குடுத்தா அதிகாரி கேக்கான், குடுக்கலேன்னா ஆளு வரமாட்டேங்கான். நான் யாரப் பாக்க?"

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி எழுதுகிற எல்லாரும் "வியாபாரிகள் கவர் கொடுப்பதை நிறுத்த வேண்டும்" என்று எழுதுகிறார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் நிறுத்தினால் அவருக்குத்தான் நஷ்டம். கவரும் சும்மா வருவதில்லை, அதையும் அவர் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். கை வீசிக்கிட்டு வர்ற ஆள் இருக்கிற வரைக்கும் மேசைக்கு அடியில் கவர் இருக்கும். அந்த ஆள் யாரு? பெரும்பாலும் நாமதான். "ஓடிப் போய் ஒரு கிலோ சீனி வாங்கிட்டு வா" என்று வீட்டில் அனுப்புவது நம்மளைத்தானே!

ரேஷன் கடைக்கு மட்டும் எப்படி?

கடையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்க கடைக்கு வெறுங்கையோட வர்ற அதே ஆட்கள், ரேஷன் கடைக்குப் போகும்போது அரிசிக்கு ஒரு பை, சீனிக்கு ஒரு பை, பருப்புக்கு ஒரு சின்னப் பை என்று மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு தடவை கூட மறப்பதில்லை. ஸ்மார்ட் கார்டை மறந்துட்டு வீட்டுக்குத் திரும்பி ஓடின ஆளைப் பார்த்திருக்கேன், பையை மறந்த ஆளைப் பார்த்ததில்லை. ஏன்? அங்கே கவர் கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அதற்காகக் கோபப்படுவதும் இல்லை.

ஆக, "மறந்துட்டேன்" என்பது ஞாபக சக்தி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. கிடைக்கும்னு தெரிஞ்சா மறக்கிறோம், கிடைக்காதுன்னு தெரிஞ்சா மறக்கிறதில்ல. அவ்வளவுதான்.

அயர்லாந்து நாட்டில் இதையே வேறு மாதிரி செய்தார்கள். 2002 மார்ச் மாதம் முதல் கடையில் வாங்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் வரி என்று அரசு அறிவித்தது. பை கிடைக்கும், ஆனால் காசு தனி. அதற்கு முன்பு ஒரு ஆள் ஆண்டுக்குச் சராசரியாக 328 பைகள் பயன்படுத்தினாராம். அது 21 ஆகக் குறைந்தது! அந்த ஊர்க்காரர்களுக்கும் காசு கேட்டதும்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

அதே 2002-இல் வங்காளதேசம் மெல்லிய பாலித்தீன் பைகளை முழுசாகத் தடை செய்தது. உலகிலேயே முதலில் தடை செய்த நாடு அதுதான், பணக்கார நாடு எதுவும் இல்லை. 1988-லும் 1998-லும் அங்கே பெரிய வெள்ளம் வந்தபோது, வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் வடியாமல் நின்றது. நம் நாட்டிலும் 2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது தண்ணீர் வடியாததற்குச் சாக்கடையை அடைத்த பிளாஸ்டிக்கும் ஒரு காரணம் என்றார்கள். எங்க தெருவுக்கு மும்பை வரைக்கும் போக வேண்டாம். ஐப்பசி மழைக்கு எங்க வாறுகால்ல கம்பை விட்டுக் குத்தினா வர்றது பூராவும் கவர்தான்.

கவருக்கு வயசு என்ன?

எத்திலீன் என்ற வாயுவின் மூலக்கூறுகளை நீளச் சங்கிலியாகக் கோத்தால் கிடைப்பது பாலித்தீன். (10-ஆம் வகுப்பு அண்ணன்களுக்கு இது பாடத்திலேயே வரும்.) 1933-இல் இங்கிலாந்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் மிக அதிக அழுத்தத்தில் வேறு ஏதோ சோதனை செய்தபோது, பாத்திரத்தில் வெள்ளையாக மெழுகு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தற்செயலாகக் கிடைத்ததுதான் அது. கைப்பிடி வைத்த கேரி பேக்கை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுக்காரர் ஸ்டென் குஸ்தாஃப் துலின். 1965-இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். "பிளாஸ்டிக் மட்க 400 ஆண்டுகள் ஆகும்", "1000 ஆண்டுகள் ஆகும்" என்று நாம் கட்டுரைப் போட்டியில் எழுதுவோம். நானும் எழுதி இரண்டாம் பரிசு வாங்கியிருக்கேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். பாலித்தீன் கண்டுபிடித்தே இன்னும் 100 ஆண்டு முடியவில்லை. 1000 ஆண்டு காத்திருந்து பார்த்தவர் யார்? அந்த எண்ணெல்லாம் உத்தேச மதிப்பீடுதான். உறுதியாகத் தெரிந்தது வேறு. வெயிலில் கிடக்கும் கவர் மொறுமொறுவென்று ஆகி உதிர்ந்து போகும். அது மட்கவில்லை, துண்டு துண்டாகி, பிறகு கண்ணுக்குத் தெரியாத துகளாகி மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து கிடக்கிறது. எங்க கடை மொட்டை மாடியில் போன கோடையில் விட்ட கவரை எடுக்கப் போனப்போ கையோட அப்பளம் மாதிரி நொறுங்கிச்சு. கூட்டி அள்ளக்கூட முடியல.

மாட்டைப் பற்றியும் சொல்லணும். மிச்சம் மீதிச் சோற்றைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு எறிகிறோம். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, கவரோடு விழுங்குகிறது. மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் பெரிய அறையிலேயே கவர் தங்கிவிடும். சாணியாகவும் வராது, அசை போடவும் வராது. வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கும், தீனி எடுக்காது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றை அறுவை செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். 52 கிலோ என்றால் எங்கள் கடையில் இரண்டு சிப்பம் அரிசிக்கு மேல்.

கணக்குப் பெட்டி

பேப்பரில் அடிக்கடி "மைக்ரான்" என்று வருகிறதே, அது என்ன? ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் ஒரு பங்கு 1 மைக்ரான். கவரின் தடிமனை இதில்தான் சொல்கிறார்கள். இந்திய அரசின் விதிப்படி கேரி பேக்கின் குறைந்தபட்சத் தடிமன் 1999-இல் 20 மைக்ரான், 2011-இல் 40, 2016-இல் 50, 2021 செப்டம்பர் முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120 என்று ஏறிக்கொண்டே வந்தது. (இது நாடு முழுமைக்குமான விதி. தமிழ்நாட்டில் எந்தத் தடிமனும் கிடையாது.)

பிளாஸ்டிக்கைக் குறைக்கணும் என்றால் கவரை இன்னும் மெல்லிசாகத்தானே ஆக்கணும், ஏன் தடிமனைக் கூட்டுகிறார்கள்? கணக்குப் போட்டால் தெரியும்.

30 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு கவர். ஒரு பக்கம் 1200 சதுர செ.மீ., இரண்டு பக்கமும் 2400. தடிமன் 20 மைக்ரான் என்றால் 0.002 செ.மீ. பெருக்கினால் கன அளவு 4.8 கன செ.மீ. பாலித்தீனின் அடர்த்தி ஏறக்குறைய 0.95. ஆக ஒரு கவரின் எடை சுமார் நாலரை கிராம். ஒரு கிலோவுக்கு 200-க்கு மேல் கவர் வரும். அதே கவர் 120 மைக்ரான் என்றால் எடை 27 கிராம் சொச்சம். கிலோவுக்கு 36 கவர்தான் வரும்.

இப்ப கடைக்காரர் இடத்தில் இருந்து பாருங்கள். கிலோவுக்கு 200 வந்தால் அள்ளி அள்ளிக் கொடுக்கலாம். 36-தான் வரும் என்றால் சும்மா கொடுக்க மனசு வருமா? அதுதான் ஒரு காரணம். இன்னொன்று, மெல்லிய கவர் காற்றில் பறந்து வேலியில், கிணற்றில், வாறுகாலில் போய் விழும். பழைய பிளாஸ்டிக் பொறுக்கி விற்பவர்களும் அதைத் தொட மாட்டார்கள். 200 கவரைக் குனிந்து எடுத்தால்தான் ஒரு கிலோ! கனமான கவர் என்றால் எடுப்பார்கள்.

துணிப்பை மாதிரி ஒன்று, துணிப்பை அல்ல

இது ரொம்ப முக்கியம். பல வீட்டில் ஏமாந்து போயிருக்கிறோம்.

கல்யாண வீட்டில், ஜவுளிக் கடையில் கலர் கலராக, தொட்டால் துணி மாதிரியே ஒரு பை தருகிறார்களே, அது பெரும்பாலும் துணி இல்லை. பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை இழையாக்கி, சூடுபடுத்தி அழுத்தி ஒட்டியது. நெய்யாத பை என்று சொல்வார்கள். தமிழக அரசின் 2019 தடைப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். பையின் ஓரத்தைப் பிரித்து ஒரு நூலை இழுத்துப் பாருங்கள். உண்மையான துணியில் பாவு, ஊடை என்று குறுக்கும் நெடுக்குமாக நூல் இருக்கும், ஒன்று தனியாக உருவி வரும். நெய்யாத பையில் நூலே கிடையாது, பஞ்சு மாதிரிப் பிய்ந்து வரும். வெளிச்சத்தில் பிடித்தால் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிப் புள்ளிகள் தெரியும்.

எங்க வீட்டில் பீரோவுக்கு மேல இருந்த தாம்பூலப் பைகளை எல்லாம் எடுத்து நானும் தங்கச்சியும் சோதித்தோம். 17 பையில் 11 பை போலி! "நான் இத்தனை நாள் துணின்னு நெனச்சுல்ல துவைச்சுக் காயப்போட்டேன்" என்று ஆச்சி தலையில் கை வைத்தாள். ஆனால் இருப்பதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கையில் இருப்பதைக் கிழியும் வரைக்கும் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். புதுசாக வாங்கத்தான் வேண்டாம்.

துணிப்பைக்கும் ஒரு பரீட்சை

துணிப்பையைப் பற்றி எல்லாரும் பாராட்டித்தான் எழுதுவார்கள். ஆனால் பருத்தி சும்மா விளைவதில்லை. தண்ணீர், உரம், பூச்சிமருந்து, நூல் மில்லுக்குக் கரண்டு, சாயம் எல்லாம் வேண்டும். 2011-இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. ஒரு பருத்திப் பையைச் செய்வதால் பூமி வெப்பமாவதற்கு எவ்வளவு காரணமாகிறோம், ஒரு சாதாரணக் கேரி பேக்கால் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான் ஒரு தடவை பயன்படுத்தி எறியும் கேரி பேக்குக்குச் சமமாகுமாம். காகிதப் பை என்றால் 3 தடவை. ஆனால் நம்ம காகிதப் பை நனைஞ்ச கீரை வச்சா ஒரு தடவைக்கே தாங்காது.

131-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாரம் இரண்டு தடவை கடைக்குப் போனால் ஆண்டுக்கு 104. ஒண்ணே கால் வருஷத்தில் கணக்கு நேராகிவிடும். தினமும் கடைக்குப் போகிற என்னை மாதிரி ஆளுக்கு நாலரை மாதம் போதும். ஒரு நல்ல பை ஐந்தாறு வருஷம் உழைக்கும்.

2018-இல் டென்மார்க்கில் செய்த ஆய்வில் இன்னும் பெரிய எண் ஒன்று வந்தது. எல்லாப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் பருத்திப் பையை 7100 தடவை பயன்படுத்த வேண்டும் என்றார்கள். வாரம் இரண்டு தடவை என்றால் 68 வருஷம்! இதைப் படிச்சுட்டு எங்க அண்ணன், "அப்ப கவரே நல்லதுல்லா" என்றான். நான் விடல. அந்த நாட்டில் குப்பையை ஒழுங்காக எடுத்துவிடுகிறார்கள், அதனால் தெருவில் கிடக்கும் குப்பையை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவே இல்லை. நம்ம வாறுகாலும் வேப்பேரி மாடும் அந்தக் கணக்கில் வராது.

ஆனாலும் அந்த ஆய்வில் ஒரு உண்மை இருக்கிறது. விழா விழாவாகப் புதுத் துணிப்பை அடித்துக் கொடுத்து, அது பீரோவுக்கு மேலேயே தூங்கினால் அதுவும் வீண்தான். புதுப் பை வேண்டாம், பழைய துணியில் தைத்த பைதான் சரி. பழைய வேட்டிக்கு இனிமேல் யாரும் பருத்தி விதைக்க வேண்டாமே.

விரலை ஏன் வெட்டுகிறது?

கவர்ல 5 கிலோ தூக்கிட்டு நடந்திருக்கிறீங்களா? விரல் சிவந்து கோடு விழும். அழுத்தம் = விசை ÷ பரப்பு என்று படிச்சிருக்கோம். 5 கிலோவின் எடை 49 நியூட்டன். கவரின் கைப்பிடி சுருண்டு அரை செ.மீ. அகலத்துக்குக் கயிறு மாதிரி ஆகிவிடும். உள்ளங்கையில் 8 செ.மீ. நீளத்துக்குப் படுகிறது என்றால் பரப்பு 4 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 12 நியூட்டனுக்கு மேல். இரண்டரை செ.மீ. அகலத் துணிப் பிடி என்றால் பரப்பு 20. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான். சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், அரிசிப் பை போதும்.

செய்து பார்: வேட்டிப் பை

அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை. தையல் மிஷின் இருந்தால் அரை மணி நேரம், கையால் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நைந்து போகாத பகுதியாகப் பார்த்து 110 செ.மீ. நீளம், 42 செ.மீ. அகலம் துணி வெட்டுங்கள். வேட்டி மெல்லிசாக இருந்தால் இரண்டாக வைத்துத் தைக்கணும். பழைய பேன்ட், பெட்ஷீட் துணி என்றால் ஒற்றையே போதும். நீளத்தின் இரண்டு முனையையும் 4 செ.மீ. மடித்துத் தைத்துவிட்டு, துணியை நடுவில் மடியுங்கள். கீழே மடிப்பு மட்டும் வரும், தையல் வராது. பை பிரிவது எப்பவும் அடித்தையலில்தான், நம்ம பையில் அது கிடையவே கிடையாது. பக்கத் தையலை முதலில் வெளிப்புறமாக ஒரு தடவை ஓரத்தை ஒட்டிப் போட்டு, பையைத் திருப்பி உள்புறமாக இன்னொரு தடவை போடணும். அப்ப பிசிறு உள்ளேயே அடங்கிவிடும், பருப்பு எதுவும் மாட்டாது.

பிடிக்கு 60 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை. நாலாக மடித்தால் இரண்டரை செ.மீ. அகலம். இதன் முனையை வாய் ஓரத்தில் சும்மா ஒட்டுத் தையல் போட்டால் ஒரே மாதத்தில் பிய்ந்துவிடும். 5 செ.மீ. கீழே இறக்கி வைத்து, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே தைக்கணும். அடி மூலை இரண்டையும் முக்கோணமாகக் கிள்ளி 8 செ.மீ. அகலத்தில் ஒரு தையல் போட்டால் பை தரையில் உட்காரும், முட்டை வாங்கலாம்.

முடிந்ததும் 5 கிலோ அரிசியை உள்ளே போட்டு ராத்திரி முழுக்க ஆணியில் தொங்க விடுங்கள். காலையில் தையல் விட்டிருந்தால் அந்த இடத்தை மறுபடி போடுங்கள். என் முதல் பை காலை 4 மணிக்கு 'தொம்' என்று விழுந்து எல்லாரையும் எழுப்பிவிட்டது.

மீனுக்கும் கறிக்கும் தனியாகத் தூக்குச்சட்டி எடுத்துட்டுப் போவதுதான் நல்லது. பையை வாரம் ஒரு தடவை துவைத்து வெயிலில் போடணும், மண்ணும் கீரைத் தண்ணியும் பட்ட பையில் ரொட்டி வாங்கிப் போடக்கூடாது. மாவு, தயிர், சாம்பார் எதற்கும் பாத்திரம்தான். ஆச்சி காலத்தில் கருப்பட்டி ஓலைப்பெட்டியில் வரும், கறி இலையில் வரும், சீனியும் பருப்பும் காகிதப் பொட்டலமாக நூல் சுற்றி வரும். நூலை அவிழ்த்து உருண்டையாகச் சேர்த்து வைத்துப் பூக்கட்டுவாளாம். ஆனால் அச்சடித்த பேப்பரில் சூடான வடை, பஜ்ஜி சுற்றித் தின்பது உடம்புக்குக் கெடுதல், அச்சு மை ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே எச்சரித்திருக்கிறது. பழசு எல்லாமே நல்லது என்று கண்ணை மூடிச் சொல்ல முடியாது. ஒயர் கூடையும் பிளாஸ்டிக்தான், ஆனால் ஆச்சியோட கூடைக்கு என்னை விட வயசு அதிகம். அதை யாரும் வாறுகால்ல எறியல.

கடையில் இப்ப

2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் ஒரு மஞ்சள் துணிப்பை வரும் இயந்திரம் வைத்தார்கள். ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பட்டணத்தில் இறங்கினால் "பட்டிக்காடு" என்று சிரிப்பார்களாம். தாத்தா அதனாலேயே சென்னைக்குப் போகும்போது பையைச் சுருட்டி இன்னொரு பைக்குள் ஒளித்து வைப்பாராம்.

அதைப் பேப்பரில் பார்த்துத்தான் அம்மாவுக்கு யோசனை வந்தது. எங்க கிட்ட இயந்திரம் இல்லை, ஆணி இருக்கு. கடை வாசலில் நாலு ஆணி அடித்து, பழைய துணியில் தைத்த பைகளைத் தொங்கவிட்டோம். பை இல்லாமல் வருகிறவர்கள் 10 ரூபாய் கொடுத்துப் பையை எடுத்துட்டுப் போகலாம், திருப்பிக் கொண்டு வந்தால் 10 ரூபாய் வாபஸ். பற்று வைத்து வாங்குகிறவர்களுக்கு நோட்டில் "பை 1" என்று எழுதிக்கொள்வோம்.

முழு வெற்றி என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் மாதம் போன பையில் பாதி திரும்பவில்லை. "பத்து ரூபாய்க்கு இந்தப் பை லாபம்தானே" என்று வைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு வருத்தம். அம்மா சொன்னாள், "வச்சுக்கிட்டா என்ன, அந்தப் பையைத்தானே தூக்கிட்டு மறுபடி நம்ம கடைக்கு வாராங்க." அது உண்மைதான். எங்க ஆச்சி சேலையின் பச்சைக் கரை போட்ட பையைத் தூரத்தில் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

கவனித்ததில் இன்னொன்று. வீட்டிலிருந்து கிளம்பி வருகிறவர்கள் இப்ப அநேகமாகப் பையோடு வருகிறார்கள். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, நேராகக் கடைக்கு வருகிறவர்கள்தான் வெறுங்கையோடு நிற்கிறார்கள். (இதில் நம் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் உண்டு. பெயர் எழுதவில்லை!) காலையில் கிளம்பும்போதே சாயங்காலம் தக்காளி வாங்குவோம் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அவர்களுக்கு வீட்டு ஆணியில் தொங்கும் பை உதவாது. சாப்பாட்டுப் பையின் பக்க அறையில், வண்டி சீட்டுக்கு அடியில், நம்ம புத்தகப் பையின் முன் ஜிப்பில் ஒண்ணு மடிச்சு எப்பவும் கிடக்கணும். வேட்டிப் பையை எட்டாக மடித்தால் ஜாமெட்ரி பாக்ஸ் அளவுதான் வரும்.

ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, சேமியா பாக்கெட் எல்லாம் கம்பெனியிலிருந்தே பிளாஸ்டிக்கில் வருகிறது. நம்ம பையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அது வேற சண்டை, அதை வேற ஒரு மாதம் எழுதுகிறேன்.

ஆணியில் தொங்க இன்னும் 15 பை தேவைப்படுகிறது. யார் வீட்டிலாவது கிழியாத பழைய வேட்டி, பேன்ட், பெட்ஷீட் இருந்தால் துவைத்துக் கொண்டு வந்து எங்கள் வகுப்பில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தையல் டீச்சர் அறையில் மிஷின் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பட்டனையும் ஜிப்பையும் நீங்களே அறுத்து வச்சுக்கோங்க, போன தடவை ஒரு ஊசி உடைஞ்சு போச்சு.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி